லட்டு பிடிக்கிற கை

நெய் தடவிய உள்ளங்கையில் சூடான பூந்தியை அள்ளி, நாலு விரலை மடக்கி, கட்டைவிரலால் ஓர் அழுத்து. லட்டு பிடிப்பது அவ்வளவுதான். அந்த மடக்குதல்தான் ஒருநாள் காலையில் எனக்கு வரவில்லை. தொண்ணூறுகளின் நடுவில், திருத்தணி மலையடிவாரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தின் பின்கட்டு. முன்னால் ஓர் அண்டா பூந்தி. விரல்கள் வீங்கி விறைத்து நீட்டிக்கொண்டிருக்க, நான் கையை விரித்தபடி உட்கார்ந்திருந்தேன். எதிரில் இருந்த மேஸ்திரி பார்த்துவிட்டு, "இன்னாடா, பூந்திக்கு ஆசீர்வாதம் பண்ணிகினு இருக்கியா?" என்றார்.

மேஸ்திரி என்றால் எங்கள் சமையல் குழுவின் தலைவர். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். மலைமேல் தாலி கட்டிவிட்டுக் கீழே சாப்பிட வரும் கூட்டத்துக்குச் சமைப்பது எங்கள் தொழில். அதில் லட்டு என் பொறுப்பு. என் லட்டை மலை உச்சியிலிருந்து உருட்டிவிட்டாலும் உடையாமல் அடிவாரம் வந்துசேரும் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. அதைக் கிளப்பிவிட்டவனும் நானே.

முதலில் கெட்டது தோல்தான். உள்ளங்கையில் செதில் செதிலாக உரிந்து, ரேகைகளோடு போட்டி போட்டுக்கொண்டு வெடிப்புகள் ஓடின. புளி கரைக்கும் நாளில் கண்ணில் தண்ணீர் வந்துவிடும். எலுமிச்சம்பழம் பிழியச் சொல்வதற்குப் பதில் என்னை நாலு சாத்து சாத்தியிருக்கலாம். லட்டு நாள் மட்டும் கைக்குத் திருநாள். நெய்யில் ஊறியதும் சாதுவாகிவிடும். என் வியாதிக்கும் நாக்கு இருக்கிறது என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன். அதற்குள் விரல் மூட்டுகளும் சேர்ந்துகொண்டன.

தோலுக்கு ஒரு வைத்தியர், மூட்டுக்கு வேறொருவர் என்று பார்த்தேன். தோல்காரர் கத்தரிக்காயும் கருவாடும் கூடாது என்றார். மூட்டுக்காரர் பருப்பு, கிழங்கு, தயிர் மூன்றுக்கும் தடை போட்டார். ஊருக்கெல்லாம் வகைவகையாக ஆக்கிப் போட்டுவிட்டு, நான் ரசம் சோற்றோடு குந்தியிருப்பேன். மூட்டுக்கு வைத்துக் கட்டிய பச்சிலைச் சூட்டில் தோல் இன்னும் உரிந்தது. இரண்டு மாமியாருக்கு வாழ்க்கைப்பட்ட மருமகள் கதிதான் என் கைக்கு.

பொறுத்துப் பார்த்த மேஸ்திரி ஒருநாள் என்னை ரயிலேற்றிச் சென்னையில் பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். அந்த டாக்டரம்மா தோலைப் பார்த்தார், மூட்டை அமுக்கினார், கடைசியில் நகங்களைத்தான் வெகுநேரம் பார்த்தார். குண்டூசியால் குத்தியதுபோல் அவற்றில் சின்னச் சின்னக் குழிகள். தோலில் இருப்பதும் மூட்டில் இருப்பதும் ஒரே வியாதி என்றார். முழுசாகப் போகாது, ஆனால் மருந்தில் அடங்கும், யாருக்கும் ஒட்டாது என்றும் சொன்னார். திரும்பும் ரயில் மணவூரைத் தாண்டியதும் மேஸ்திரி என் பக்கம் திரும்பினார். "ரெண்டுன்னு நெனச்சிகினு இருந்தோம், ஒண்ணுதானாம். பாதி பாரம் கொறஞ்சிச்சி பாரு," என்றார்.

மருந்து வேலை செய்ய மாதக்கணக்கானது. அதற்குள் ஒரு வைகாசிக் கல்யாணத்தில், லட்டுத் தட்டைத் தூக்கிய என் கையைப் பெண்ணின் தாய்மாமன் பார்த்துவிட்டார். சொறி பிடித்தவன் தொட்டதை நாங்கள் சாப்பிடுவதா என்று பந்தி நடுவில் கேட்டார். மேஸ்திரி எனக்காகச் சண்டை போடுவார் என்று பார்த்தேன். அவர், "ஆங், சரிங்க. இனிமே கை வெக்க மாட்டான்," என்று சொல்லி என்னை அப்பால் அனுப்பிவிட்டார். எச்சில் இலையைவிட நான் லேசாகிப் போனேன். பாத்திரம் கழுவி முடிந்ததும், திருவாலங்காட்டில் மச்சான் கரும்புத் தோட்டத்துக்குப் போய்விடுகிறேன் என்றேன். கரும்பு வெட்டுவதற்கும் கைதான் வேண்டும் என்பது எனக்கு அப்போது தோன்றவில்லை.

அடுத்த வாரம் பொதட்டூர்பேட்டையிலிருந்து ஒரு தறிக்காரர் மகள் கல்யாணத்துக்குச் சமையல் பேச வந்தார். வெற்றிலை பாக்குத் தட்டை நீட்டப் போனவரை மேஸ்திரி நிறுத்தினார். என்னைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்து, என் கை இரண்டையும் அவர் முன்னால் விரித்தார்.

"இத்த நல்லா பாத்துக்கங்க. தோலு உரியும். யாருக்கும் ஒட்டாது, டாக்டரம்மா சொல்லிட்டாங்க. உரியற நாள்ல இவன் எதுலயும் கை வெக்க மாட்டான், பந்தி விசாரிப்பான். ஆறியிருந்தா லட்டு இவன்தான் புடிப்பான். ஒத்துக்கினா தாம்பூலம் குடுங்க."

பெண் பார்க்க வந்த இடத்தில் பெண்ணாக உட்கார்ந்திருந்தவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். தறிக்காரர் பார்த்தார், வீட்டில் கேட்டுச் சொல்வதாகத் தட்டோடு எழுந்தார், வரவில்லை. அதற்கடுத்து வந்தவர்களும் அப்படியே. நான் கெஞ்சினேன், அதைச் சொல்லாமல் விட்டுவிடலாமே என்று.

"அவங்களா பாத்தா அசிங்கம். நாம காட்டிட்டா வெறும் கை," என்றார் மேஸ்திரி. "நீ துண்டுக்குள்ள ஒளிச்சிகினு நிக்கறத என்னால பாத்துகினு இருக்க முடியல."

மூன்றாவதாக வந்தவர் என் கையைப் பார்த்துவிட்டு, தன் தங்கைக்கு முழங்காலில் இதே மாதிரி இருக்கிறது, எந்த டாக்டர் என்று விசாரித்தார். தாம்பூலமும் கொடுத்தார். அதிலிருந்து வேண்டாம் என்றவர்களும் உண்டு, சரி என்றவர்களே அதிகம். கல்யாண அடுப்பில் முதலில் பால்தான் ஏற வேண்டும்; அது முறை. மேஸ்திரி கற்பூரம் காட்டிய கையோடு என் விரல்களுக்காக வெந்நீர் ஏற்றிவிட்டு, அப்புறம்தான் பாலைத் தொடுவார். அந்த வெதுவெதுப்பில் விரல்கள் ஒவ்வொன்றாகத் தூக்கம் கலைந்து மடங்கும். உரியும் நாட்களில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பந்திக்குப் போவேன். "பாயசம் இலைய உட்டு ஓடுது பாருங்க, அப்புறம் எங்க மேல கேஸ் போடக் கூடாது," என்று நான் சொன்னால் பாதி வரிசை சிரிக்கும். சில வீட்டார், லட்டுக்கு யாரை வேண்டுமானாலும் வையுங்கள், பந்திக்கு அந்த ஆள் வரட்டும் என்றே கேட்க ஆரம்பித்தார்கள்.

ரெண்டாயிரத்துக்கு அப்புறம் சில வருஷம் கழித்து மேஸ்திரி மகளுக்கே கல்யாணம். ஊருக்கெல்லாம் பிடித்தவன், இந்த லட்டைப் பிரமாதமாகப் பிடிக்க வேண்டும் என்று ஒரு மாதமாகக் கையைக் கைக்குழந்தைபோல் பார்த்துக்கொண்டேன். கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்னால் அது உரிய ஆரம்பித்தது. கோபம் வந்தது, பிறகு சிரிப்பும் வந்தது. வேறு ஆட்கள் பிடித்தார்கள். நான் பந்தியில் நின்றேன். சம்பந்தியோடு உட்கார்ந்திருந்த மேஸ்திரியின் இலைக்கு வந்தேன். யார் இந்த ஆள், இவ்வளவு கலகலப்பாக இருக்கிறாரே என்று சம்பந்தி கேட்டார்.

"எங்க லட்டுக்காரன். இன்னிக்கு அவன் கைக்கு லீவு," என்றார் மேஸ்திரி.

சொல்லிவிட்டு லட்டை ஒரு விள்ளல் வாயில் போட்டு மென்றார். சம்பந்தி காதில் விழாதபடி என் பக்கம் சாய்ந்து, "நீ புடிச்ச மாதிரி இல்லடா," என்றார்.

எங்கள் குழுவின் லட்டைக் குறை சொல்லக் கேட்டு நான் சந்தோஷப்பட்டது அந்த ஒரு முறைதான். அடுத்த இலைக்காரர் ரசத்துக்குக் காத்திருந்தார். குரலை உயர்த்தி, ரசத்தைக் கூப்பிட்டுக்கொண்டே நகர்ந்தேன்.