அம்மன் கொடுத்த குரலை அடைத்து வைத்தேன்

அம்மனை நம்பும் சகோதரிகளே, பொறாமை பிடித்த ஒருத்தியின் வாயாலேயே இதைக் கேளுங்கள்.

எனக்கு ஊர் உறுவையாறு. பிரெஞ்சுக்காரர் ஆண்ட காலம். புருஷன் போன பிறகு எனக்கு இருந்தது மகள் செண்பகம் ஒருத்திதான். அவளுக்குத் திக்குவாய். "அம்மா" என்று சொல்வதற்குள் கண்ணில் நீர் வந்துவிடும். அவள் பேசினால் வெள்ளியில் நாக்கு செய்து போடுகிறேன் என்று மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டேன். ஆடிக்கு ஆடி அழுதேன்.

வில்லியனூர்ப் பள்ளிக்கூடத்துக்குப் புதிதாகப் பாட்டு டீச்சரம்மா வந்தார். பாடும்போது செண்பகத்துக்குத் திக்கவில்லை என்று கண்டுபிடித்தவர் அவர்தான். பேச்சையும் கைத்தாளம் போட்டு மெட்டோடு சொல்லப் பழக்கினார். தலைகுனிந்தே நடந்த பெண் நிமிர்ந்து நடந்தாள். நான் மகிழ வேண்டாமா? எனக்கு வயிறெரிந்தது. விடிந்தால் டீச்சரம்மா, பொழுது போனால் டீச்சரம்மா. அந்தம்மா மாதிரியே தலை வாரிக்கொண்டாள், அந்தம்மா மாதிரியே சிரித்தாள். பத்து மாதம் சுமந்தவள் நான், பேர் வாங்குகிறவள் அவளா?

தை அறுப்பைச் சாக்கு வைத்துப் பள்ளிக்கூடத்தை நிறுத்தினேன். வீட்டில் பாட்டுக் கூடாது என்றேன். மகள் மறுபடி வாய் மூடினாள். டீச்சரம்மா தேடி வந்தபோது, "எம்பொண்ண எனக்கு வளக்கத் தெரியும், நீங்க போங்க" என்று வாசலோடு அனுப்பினேன். அன்றைக்கே கோயிலுக்குப் போய், இவளுக்குப் பேச்சுக் கொடு தாயே என்று வேண்டினேன். என் புத்தியைப் பாருங்கள்.

மாசியில் மகளோடு கழனிக்குப் போனபோது கிணற்றுப் படி சறுக்கி உள்ளே விழுந்தேன். நீச்சல் தெரியாது. சுவரில் நீண்டிருந்த வேரைப் பிடித்துத் தொங்கினேன். என் குரல் மேலே ஏறவில்லை. தாயே, கைவிடாதே என்றேன். மேலே செண்பகம் "ஓ... ஓ..." என்று திணறுவது கேட்டது. கரும்பு வெட்டும் ஆட்களோ தூரத்தில். வேர் நழுவத் தொடங்கியது. அப்போது கை தட்டும் சத்தம். டீச்சரம்மாவின் மெட்டு. அதில் என் மகள் உரக்கப் பாடினாள்:

"எங்கம்மா கெணத்துல வுழுந்துடுச்சி, ஓடியாங்க."

ஓடி வந்தார்கள். கயிறு போட்டு என்னைத் தூக்கினார்கள்.

நான் கேட்டதை அம்மன் எப்போதோ கொடுத்துவிட்டாள். கொண்டுவந்தவளைப் பிடிக்காமல் நான்தான் அதைப் பூட்டி வைத்தேன். மறுநாளே மகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினேன்.

வெள்ளி நாக்கு போடும் நாளில் டீச்சரம்மாவையும் அழைத்துப் போனேன். யார் பேருக்கு அர்ச்சனை என்று பூசாரி கேட்டார். பொய் சொல்லமாட்டேன், அப்போதும் கொஞ்சம் வயிறெரிந்தது.

"மொதல்ல டீச்சரம்மா பேருக்குப் பண்ணுபா" என்றேன்.

நீங்களும் அம்மனிடம் கேளுங்கள். யார் கையில் கொடுத்தனுப்புவது என்பதை மட்டும் அவளிடமே விட்டுவிடுங்கள்.