ஒரு ஆளுக்குத்தான் சீட்டு

தாயாரம்மாள் எனக்கு மாமன் மகள். அவளும் பங்கஜமும் அண்ணன் தம்பியைக் கட்டிக்கொண்டவர்கள். ராணிப்பேட்டையில் ஒரே தோல் பதனிடும் ஷாப்பில் வேலை. சுற்றுவட்டாரத்தில் சாவு விழுந்தால் இருவரையும்தான் கூப்பிடுவார்கள். பங்கஜத்தின் தோளைப் பிடித்துக்கொண்டு தாயாரம்மாள் ஒப்பாரியை எடுப்பாள். பங்கஜம் வாங்கிப் பாடுவாள்.

எண்பத்து மூன்றில் வெளிநாட்டுக்காரர்கள் வந்து, தங்கள் ஊர் மேடையில் ஒப்பாரி பாடக் கேட்டார்கள். அங்கே சில நாட்டுக்காரர்கள் சங்கம் சேர்ந்து பாட்டுக்கும் கூத்துக்கும் பணம் ஒதுக்குகிறார்களாம். ஷாப்பு கணக்கப்பிள்ளை ஜியாவுல்லா விவரம் சொன்னார்.

“நம்ம நாடு அந்தச் சங்கத்துல இல்லம்மா. சேராத நாட்டுக்கு ஒரு ஆளுக்குத்தான் சீட்டு. பங்கஜத்துக்குப் பதிலா பக்கத்துல அவுங்க ஊரு அம்மா ஒண்ணு நிக்கும்.”

“நின்னு இன்னா பண்ணும்? நான் எடுத்தா அது வாங்குமா?” என்றாள் தாயாரம்மாள்.

பங்கஜம் சிரித்தாள். “போய்ட்டு வாக்கா. வெள்ளைக்காரிக்கு மூக்கு சிந்தக் கத்துக்குடு.”

தாயாரம்மாள் போனாள். பெரிய மண்டபம், பிணம் இல்லை. யாருக்கென்று அழுவது? புருஷனுக்கும் மாமியாருக்கும் பங்கஜத்தோடு சேர்ந்து அழுது தீர்த்தாயிற்று. தோளுக்காகக் கையை நீட்டினாள். அந்த அம்மாள் எட்டி நின்றாள். வெறும் கையைப் பார்த்ததும் வாயில் பங்கஜத்தின் பேர் வந்துவிட்டது. அந்தப் பேரைச் சொல்லியே முழுப் பாட்டும் அழுதாள். எல்லாரும் எழுந்து கை தட்டினார்களாம்.

ஊருக்கு வந்தபோது அந்தப் பாட்டைப் பதிந்த கேசட் கொடுத்தனுப்பியிருந்தார்கள். ஜியாவுல்லா தெருவில் வைத்துப் போட்டார். எல்லாப் பெண்களும் கூடிவிட்டார்கள். “எந்தோளு பங்கஜமே, என்னை வுட்டுப் போனியே” என்று வந்ததும், பங்கஜம் எழுந்து போய், சாவுச் சேதி கேட்டவள் போலத் தலையில் தண்ணீரைக் கொட்டிக்கொண்டாள்.

“நீ கூட இல்லியேன்னுதான்டி அழுதேன்,” என்று தாயாரம்மாள் பின்னாலேயே போய்க் கெஞ்சினாள்.

“உசுரோட இருக்கிறவளுக்கா?”

அதுதான் கடைசிப் பேச்சு. பிறகு சாவு வீடுகளுக்குத் தனித்தனியாகப் போனார்கள். வாங்கிப் பாட ஆளில்லாமல் பாட்டு எடுபடவில்லை; கொஞ்ச நாளில் யாரும் இருவரையும் கூப்பிடவில்லை.

எண்பத்தைந்து மாசியில், நெஞ்சில் சளி கட்டி இழுத்து இழுத்துப் பங்கஜம் போய்ச் சேர்ந்தாள். தாயாரம்மாள் தலைவிரி கோலமாக ஓடினாள். பங்கஜத்தின் மகள் தேவகி வாசலில் வழியை மறித்தாள்.

“நீதான் எங்கம்மாவுக்கு அப்பவே அழுதுட்டியே, பெரிம்மா. இப்ப இன்னாத்துக்கு வந்த?”

தாயாரம்மாள் தெருவிலேயே நின்றாள். உள்ளே பெண்கள் தோள் கோத்து உட்கார்ந்தார்கள். பாட்டை எடுக்க யாருக்கும் தெரியவில்லை. வெறுமனே அழுதார்கள்.