கடைசி வாரம் இல்லாத கதை

பிள்ளைகளா, உங்கம்மாவுக்கு இடது கண் தெரியாது என்பது உங்களுக்குத் தெரியும். டி.வி. பார்க்கும்போது அவள் முகத்தை ஒருபக்கமாகத் திருப்பிக்கொள்வதைச் சின்ன வயதில் நீங்கள் நடித்துக் காட்டிச் சிரிப்பீர்கள்; அவளும் சேர்ந்து சிரிப்பாள். சவுக்குக் கட்டை பிளக்கும்போது சிலாம்பு தெறித்துக் கண்ணில் பட்டது என்று சொல்லியிருக்கிறோம். அதற்குப் பிறகு நாங்கள் இருவரும் ஒரு துப்பறியும் கதை கேட்டோம். அதைச் சொன்னதில்லை. நான் எட்டாவது வரை படித்தவன். எழுத வந்தமட்டும் எழுதுகிறேன்.

நீங்கள் பிறக்காத காலம். பெரிய ஆஸ்பத்திரியில் தையல் போட்டார்கள். நல்ல கண் அசைந்தால் தையல் போட்ட கண்ணும் கூடவே அசையும் என்று இரண்டையும் சேர்த்துக் கட்டிவிட்டார்கள். டாக்டர் என்னை மட்டும் வராந்தாவுக்குக் கூப்பிட்டார்.

“பார்வை வர்றது கஷ்டம்பா. ஆனா தையல் நிக்கணும். பிரிஞ்சா கண்ணையே எடுக்கும்படி ஆயிடும். இதெல்லாம் இப்ப அந்தம்மாகிட்ட சொல்லாத. அழுதா கெட்டுது.”

விழுப்புரத்தில் எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்தேன். இருமக் கூடாது, குனியக் கூடாது, தலையைத் திருப்பக் கூடாது. தலைக்கு இரண்டு பக்கமும் மணல் பை வைக்கச் சொன்னார்கள். அப்போது நான் திண்டிவனத்தில் மல்லாட்டை மண்டியில் வேலை பார்த்தேன். மண்டியின் வேர்க்கடலைச் சாக்கை வெட்டி, கோணி ஊசியால் பை தைத்து, மணல் ரொப்பி வைத்தேன். என்னால் செய்ய முடிந்தது அவ்வளவுதான். அவள் தலையில் எறும்பு ஊர்ந்தால்கூட நான்தான் தட்டிவிட வேண்டும். நானோ காலையில் பஸ் ஏறினால் பொழுது சாயத்தான் திரும்புவேன்.

பகலில் பக்கத்து வீட்டக்கா பார்த்துக்கொண்டார். அவர் வீட்டுக்காரர் துபாயில் இருந்தார். அந்தக் காலத்தில் அவர்கள் கடிதம் எழுதுவதில்லை. பேசிப் பதிவு செய்து கேசட்டைத்தான் அனுப்புவார்கள். வந்த கேசட்டின் மேலேயே பதில் பேசித் திருப்பி அனுப்புவார்கள். அதனால் அக்கா வீட்டில் டேப் ரெக்கார்டரும் கேசட்டும் எப்போதும் உண்டு. இரண்டையும் எங்களுக்குக் கொடுத்தார்.

திண்டிவனத்தில் இருந்த உங்கள் சித்திதான் வழி சொன்னாள். வாரப் பத்திரிகையில் வந்த தொடர்கதையை வாராவாரம் கிழித்து, சேர்த்துத் தைத்து வைக்கிற வழக்கம் அவள் வீட்டில் உண்டு. அப்படித் தைத்த ஒன்றை அவளே உரக்கப் படித்துத் தன் வீட்டு டேப்பில் பதிவு செய்தாள். நான் வெறும் கேசட்டைக் கொண்டுபோய்க் கொடுப்பேன். கதை ஏறிய கேசட்டைச் சோற்றுத் தூக்கோடு எடுத்து வருவேன்.

கதையில், கல்யாண மண்டபத்தில் பந்தி முடிந்ததும் மண்டபத்து முதலாளி செத்துக் கிடக்கிறார். ரத்தம் இல்லை, துப்பாக்கி இல்லை. பென்ஷன் வாங்குகிற டீச்சரம்மா ஒருத்தர் வீடு வீடாகப் போய்க் காபி குடித்துக்கொண்டே துப்பு விசாரிக்கிறார். சித்தி படிக்கும்போது பின்னால் குக்கர் கத்தும், பஸ் ஹாரன் அடிக்கும், அவள் எச்சில் தொட்டுத் தாளைத் திருப்புகிற சத்தம் கேட்கும். உங்கம்மா மணல் பைகளுக்கு நடுவில் அசையாமல் கிடந்து கேட்பாள்.

“மொதலாளியோட மருமவன்தாங்க செஞ்சிருக்கான்,” என்பாள். “டீச்சரம்மா வந்தா மட்டும் காபி வாணான்றான் பாருங்க.”

“போம்மா, சமையக்காரன்தான்,” என்பார் அக்கா. “கரண்டி புடிக்கறவனை நம்பவே கூடாது.”

“அப்ப நீ இன்னிக்கி வச்ச ரசத்தை நான் எப்பிடிக்கா நம்பறது?”

“ஏய், சிரிக்காத! டாக்டரு என்னை உதைப்பாரு.”

கட்டுப் பிரிக்க நாள் நெருங்கியது. அப்போதுதான் சித்தி மண்டிக்கே வந்துவிட்டாள், முகம் தொங்கிப்போய்.

“மாமா, பேஜாராயிடுச்சி. கடைசி வாரத்தைக் காணோம்.”

“இன்னாமா சொல்ற?”

“தைக்கும்போதே உட்டுட்டு இருக்காங்க. டீச்சரம்மா எல்லாரையும் மண்டபத்துல உக்கார வச்சி, ‘அவர் யாரென்றால்’னு ஆரம்பிக்கறாங்க. அதோட பக்கம் முடிஞ்சிபோச்சி.”

வேலை முடிந்ததும் வாடகை நூலகத்தில் கேட்டேன். பழைய பேப்பர் கடையில் கட்டுக் கட்டாகப் பிரித்துப் பார்த்தேன். “அந்தப் புக்கெல்லாம் எடைக்குப் போயி மாசக்கணக்கா ஆவுது,” என்றார் கடைக்காரர். டாக்டர் சொன்னதைத்தான் மாற்ற முடியவில்லை, இந்தக் கதையின் முடிவையாவது கொண்டுவந்து கொடுக்கலாம் என்றிருந்தேன். அதற்கும் வழியில்லை.

“நானே முடிச்சிடட்டுமா மாமா?” என்றாள் சித்தி. “எங்கக்கா யாரைச் சொல்லுது?”

“மருமவனை.”

“அப்ப அவன்தான்.”

கட்டுப் பிரிக்கிற நாளுக்கு முதல் நாள் சாயங்காலம் அந்தக் கேசட்டைப் போட்டேன். அக்கா கடைக்குப் போயிருந்தார். நாங்கள் இரண்டு பேர்தான். சித்தி நன்றாகத்தான் முடித்திருந்தாள். டீச்சரம்மா கடைசிக் காபியைக் குடித்துவிட்டு, மருமகன் பாயசத்தில் எதைக் கலந்தான், எப்போது கலந்தான் என்று ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். அவனும் ஒப்புக்கொண்டான். முடிந்தது.

“பாத்தியா, நீ சொன்னதுதான்,” என்றேன்.

அவள் சொன்னாள்: “இது புக்குல இருக்கறது இல்லீங்க.”

“ஏன் அப்பிடிச் சொல்ற?”

“முன்ன எல்லாத்துலயும் தாள் திருப்பற சத்தம் வந்துக்கினே இருக்கும். இதுல ஒரு தாள்கூட திரும்பலை. அவளே சொல்றா.”

கடைசி வாரம் கிடைக்காத கதையைச் சொன்னேன்.

“அதுக்கு இன்னா, நல்லாத்தான் சொல்லியிருக்கா,” என்றாள். பிறகு அதே குரலில், “டாக்டரும் உங்ககிட்ட ஏதோ சொல்லியிருக்காரு இல்லீங்களா?” என்றாள்.

“ஒண்ணும் சொல்லலையே.”

“வராந்தாவுக்குப் போயிட்டு வந்ததுல இருந்து நீங்க ‘கண்ணு சரியாயிடும்’னு ஒருக்காகூட சொல்லலை. அதுக்கு முன்னால நூறு தபா சொன்னீங்க.”

ஆமாம் என்று சொன்னால் அழுவாள், தையல் பிரியும். இல்லை என்று சொன்னால் நம்ப மாட்டாள். மணல் பையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

“பயப்படாதீங்க,” என்றாள். “நான் அழமாட்டேன். தையலாவது நிக்கட்டும்.”

அவள் உதடு மட்டும் நடுங்கியது. தலை இம்மியும் அசையவில்லை. துடைத்துவிடலாம் என்றால் கட்டுக்குக் கீழே ஒரு சொட்டுக் கண்ணீர்கூட இறங்கவில்லை. நான் என்ன செய்ய?

மறுநாள் கட்டைப் பிரித்தார்கள். தையல் நின்றிருந்தது. அந்தக் கண்ணுக்கு நேரே டாக்டர் டார்ச் அடித்து, “தெரியுதாம்மா?” என்றார். “இல்லீங்க,” என்றாள், அவருக்கே ஆறுதல் சொல்வதுபோல.

அடுத்த நாள் அவள் அக்காவோடு வாசலில் உட்கார்ந்து, ஒரு கண்ணால் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அக்கா உள்ளே குரல் கொடுத்தார்: “தம்பி, கேசட்டெல்லாம் எடுத்து வைப்பா. ஊட்டுக்காரருக்குப் பேசி அனுப்பணும்.”

மற்றதையெல்லாம் எடுத்து வைத்தேன். தாள் திரும்பாத அந்தக் கடைசிக் கேசட்டை மட்டும் தனியே எடுத்தேன். கேசட்டின் முதுகில் இரண்டு பக்கமும் சின்னதாகப் பிளாஸ்டிக் மூடி இருக்கும். அதை உடைத்துவிட்டால் அதன்மேல் வேறு எதையும் பதிவு செய்ய முடியாது. கோணி ஊசியை எடுத்து, அந்த இரண்டையும் உடைத்தேன்.