ஒரு கை நிறையச் சாவிகள்

காலை எட்டே கால், தாம்பரம் கிழக்கு. சிறுசேரி பஸ்ஸில் ஜன்னல் சீட். என் இடது சுண்டுவிரல் ஒரு வாரமாக மரத்துக் கிடந்தது. செல்போனில் தேடினால் பக்கவாதத்தில் தொடங்கிப் பத்து வியாதி காட்டியது. ஒன்றையும் விடாமல் எனக்கென்று எடுத்துக்கொண்டேன். நரம்பு டாக்டர் எங்கள் சேலையூரிலேயே உண்டு. தெரிந்தவர் பார்த்துவிட்டால்? அதனால் நாவலூர். மருத்துவ ஃபைல் நகைக்கடைப் பைக்குள். மனைவியிடம் சொன்னது, பேங்க் வேலை.

ஒன்பது மணி, பெரும்பாக்கம். பக்கத்தில் நின்ற பெண், கழுத்தில் கம்பெனி அட்டை, விறைத்துச் சரிந்தாள். கைகால் இழுத்தது.

"வலிப்புபா! இரும்பு குடுங்க, சாவி எதுனா கீதா?" என்று கண்டக்டர் கத்தினார்.

முதலில் நீட்டியது நான்தான், ஸ்கூட்டர் சாவி. பிறகு ஆளாளுக்கு வீட்டுச் சாவி. டிரைவர் ஓரங்கட்டி, பஸ் சாவியையே உருவிக் கொடுத்தார். ஒருவன் வீடியோ எடுக்கச் செல்போனைத் தூக்கினான். பதற்றத்தில் எழுந்து குறுக்கே நின்றேன். என் தொந்தி செய்த முதல் பொதுச்சேவை.

"இன்னா சார், மறைக்கிறே?"

"உள்ள வைப்பா அதை!" என்றேன்.

சற்று நேரத்தில் கண் விழித்தவள், கையைப் பார்த்தாள். "யாருதுண்ணா இதெல்லாம்?"

"பஸ்ஸோடதும் இருக்கும்மா. குடுத்தாத்தான் வண்டி போகும்" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. "யாராச்சும் வீடியோ எடுத்தாங்களா?"

"இல்லம்மா. வீட்டுக்குப் போயிடேன்."

"லீவு போட்டா காரணம் கேப்பாங்கண்ணா. போன கம்பெனில தெரிஞ்சதும் அனுப்பிட்டாங்க."

என் சீட்டில் உட்கார வைத்தேன். அவள் போன் அடித்தது. "சாரி சார், பஸ் பிரேக்டவுன்."

கண்டக்டர் அந்தப் போனுக்குக் கேட்கும்படி கத்தினார்: "இறங்கித் தள்ளுங்கபா! பேஜார் புடிச்ச வண்டி!"

பத்து மணி, நாவலூர். நரம்பு நோய்கள் உலகம் முழுக்கப் பெருகுகின்றன என்றது கிளினிக் சுவரில் ஒரு தாள். கீழே காத்திருந்தவர்கள் மடியிலெல்லாம் துணிக்கடைப் பை, ஸ்வீட் கடைப் பை, உள்ளே ஃபைல். இன்னொரு தாளில், வலிப்பு வந்தவரை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், கையில் இரும்பு கொடுக்காதீர்கள் என்றிருந்தது. ஸ்கூட்டர் சாவியைப் பாக்கெட்டின் அடிக்குத் தள்ளினேன்.

டாக்டர் விரலை அழுத்திப் பார்த்தார். "முழங்கையை ஊணிக்கிட்டு போன் பாப்பீங்களா?"

"நாள் பூரா."

"அதை விடுங்க. சரியாயிடும்."

பத்து வியாதியும் போயிற்று. ஏனோ குதிக்கத் தோன்றவில்லை.

மதியம் ஒன்றரை, சேலையூர். "இவ்ளோ நேரம் பேங்க்கா?" என்றாள் மனைவி.

"பஸ் பிரேக்டவுன்."

"பஸ்ஸா, நீங்களா?"

கட்டிலில் போய்ச் சாய்ந்தேன். நான் சாய்ந்துவிட்டேன். அந்தப் பெண் இந்நேரம், உடம்பெல்லாம் வலிக்க, ஒன்றும் நடக்காத முகத்தோடு கம்ப்யூட்டர் முன்னால் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பாள்.