மண்டோரை வெயிலில் நிற்க வைத்தவர்

அப்பாவுக்கு மறதி நோய் வந்தபோது முதலில் மறந்துபோனவை எங்கள் முகங்கள். தீவு மட்டும் மறக்கவில்லை. ஈப்போ புந்தோங்கில் எங்கள் வீட்டு முன்னறையில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டு, விடிந்ததும் என்னையும் அம்மாவையும் வரிசையில் நிற்கச் சொல்வார். நாங்கள் நிற்காவிட்டால் கத்துவார்.

"பக்கெட் எங்க? இன்னும் குழிக்குள்ள இறங்கலையா? துவான் வர்ற நேரம்."

ஜாவாவுக்குத் தெற்கே, கடல் நடுவே கிடக்கும் கிறிஸ்துமஸ் தீவைத்தான் அவர் எப்போதும் தீவு என்பார். வெள்ளைக்காரர்கள் அங்கே பாஸ்பேட் வெட்டிக் கப்பல் கப்பலாக ஏற்றினார்கள். வெட்டுவதற்கு மலாயாவிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் ஒப்பந்தத்துக்கு ஆள் எடுத்தார்கள். சீனர்களும் மலாய்க்காரர்களும்தான் அதிகம், நம் ஆட்கள் கொஞ்சம் பேர். கூலிகள் துவான் என்று கூப்பிட்ட துரைமார்களுக்குக் கடல் பார்த்த பங்களாவும் கிளப்பும் இருந்தன. கூலிகளுக்கு நீளக் கொட்டகை. ஒப்பந்தம் முடிந்தால், அல்லது உடம்பு முடியாமல் போனால், வந்த கப்பலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். அப்பா எழுபதுகளின் தொடக்கத்தில், கல்யாணமான சில மாதங்களிலேயே, கோலா கங்சார் பக்கத்துத் தோட்டத்து லயத்து வீட்டில் அம்மாவை விட்டுவிட்டுப் போனார். கூலியாகப் போனவர் சீக்கிரமே கூலிகளை வேலை வாங்கும் மண்டோர் ஆகிவிட்டார். கொஞ்சம் இங்கிலீஷ் தெரியும், குரலும் பெரிது.

அங்கே அப்பா வெட்ட வைத்த கல்தான் தூளாக அரைபட்டு, மூட்டையில் ஏறி, எங்கள் பேராக் மாநிலத் தோட்டங்களுக்கு உரமாக வந்தது. அதை மரத்தடிகளில் வாரிப் போட்டவர்களில் என் அம்மாவும் ஒருத்தி. இடுப்பில் வாளியைக் கட்டிக்கொண்டு, மங்குக் கிண்ணத்தில் அள்ளி, மேட்டிலும் பள்ளத்திலும் ஏறி இறங்கி வீச வேண்டும். அந்தப் பழுப்புத் தூள் கண்ணிலும் மூக்கிலும் போகும், நகத்துக்குள் ஏறினால் கழுவியும் போகாது. அப்பா கப்பலேறியபோது அம்மா கர்ப்பமாக இருந்தாள். கனமான வாளி வேண்டாம், வேறு வேலை கொடுங்கள் என்று கங்காணியிடம் கேட்டாள். அவர் கொடுக்கவில்லை. சரிவில் வாளியோடு விழுந்தாள், குழந்தை தங்கவில்லை.

அப்பா திரும்பி வந்ததும் அவளிடம் முதலில் கேட்டது, ஒரு பிள்ளையைக்கூட உன்னால் வைத்துக்கொள்ள முடியவில்லையா என்பதுதான். பிறகு அந்த உரம் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தபோது விழுந்து விழுந்து சிரித்திருக்கிறார். "நாங்க அதுலதான் ஒண்ணுக்குப் போவோம். நல்லா வாரிப் போடு." அம்மா இதை என்னிடம் சொன்னது ஒரே முறை. வெங்காயம் நறுக்கிக்கொண்டே சொன்னாள்.

தோட்டம் விற்கப்பட்டு வீடமைப்புத் திட்டமானதும் நாங்கள் ஈப்போவுக்கு வந்தோம். அப்பா லாரி ஓட்டினார். நான் படித்து, ஒரு தனியார் கிளினிக்கில் கவுன்டர் வேலைக்குச் சேர்ந்தேன். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அப்பாவின் கடைசிக் காலத்தில் வீட்டில் நாங்கள் மூன்று பேர்தான்.

சில வருடங்களுக்கு முன், தெலுக் இந்தானில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன். பந்தியில் என் பக்கத்தில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். ஒல்லியான ஆள், தேய்த்த சட்டை. எந்தத் தோட்டம் என்று வழக்கம்போல் விசாரித்தார். சொன்னேன். அவர் கை இலையில் அப்படியே நின்றது.

"அங்கேருந்து ஒரு ஆளு தீவுக்கு வந்தாரு. மண்டோரா இருந்தாரு."

"அது எங்கப்பாதான், மாமா."

அவர் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. சோறு, ரசம், பாயசம் எல்லாவற்றையும் நிதானமாகச் சாப்பிட்டு முடித்தார். பிறகுதான் கேட்டார்.

"உசுரோட இருக்காரா?"

இருக்கிறார், ஆனால் யாரையும் தெரியவில்லை, தீவைப் பற்றி மட்டும் பேசுகிறார் என்றேன். பழைய ஆள் ஒருவர் வந்து பேசினால் அவருக்கு ஆறுதலாக இருக்கும் என்றும் நான்தான் சொன்னேன். "வாரேன்லா," என்றார்.

வந்தார். தெலுக் இந்தானிலிருந்து பஸ் பிடித்து, வாரம் தவறாமல் செவ்வாய்க்கிழமை வந்தார். முதல் நாள் நானும் வீட்டில் இருந்தேன். அப்பா அவரைப் பார்த்ததும், "நீ எந்த கேங்?" என்று அதட்டினார். பெரியவர் முதுகை நிமிர்த்தி, இடுப்பில் கை வைத்து, வெள்ளைக்காரன் மாதிரி மூக்கால், "ஸ்டேண்ட் அப்," என்றார்.

அப்பா எழுந்து நின்றார். மாதக்கணக்கில் நாங்கள் இரண்டு பேரும் தூக்கினால்தான் எழுந்திருப்பவர், தானாகவே எழுந்து கைகளைத் தொடையோடு ஒட்டிக்கொண்டு, "எஸ், துவான்," என்றார். பெரியவர் உட்காரச் சொன்னதும் உட்கார்ந்தார். சாப்பிடச் சொன்னதும் சாப்பிட்டார். எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. அன்று பெரியவரிடம் ஒரு டின் ஹியோங் பியா பிஸ்கட் கொடுத்தனுப்பினேன்.

செவ்வாய் இரவுகளில் அப்பா அடித்துப் போட்டாற்போலத் தூங்கினார். புதன் காலையில் உள்ளங்கை சிவந்திருக்கும். பாதத்தில் ஒரு முறை கொப்புளம் இருந்தது. அவருக்கு இனிப்பு நீர் என்னும் சர்க்கரை நோய், அதனால் கால்களை நான் தினமும் பார்ப்பேன். அம்மாவிடம் கேட்டால், "செருப்பில்லாம நடந்திருப்பாரு," என்பாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை கிளினிக்கில் மின்சாரம் போய், மதியத்துக்கு முன்பே வீட்டுக்கு வந்துவிட்டேன். முன்னறையில் யாரும் இல்லை. பின்பக்கம் போனேன்.

சிமெண்டுத் தரையில், நல்ல வெயிலில், அப்பா வெறுங்காலோடு நின்றுகொண்டிருந்தார். இரண்டு கையாலும் ஒரு வாளித் தண்ணீரை நெஞ்சோடு பிடித்திருந்தார். வாளி ஆடித் தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாகச் சிந்தியது. சிந்தும்போதெல்லாம், "சாரி, துவான்," என்றார். நிழலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டுப் பெரியவர் கோப்பி குடித்துக்கொண்டிருந்தார். சமையலறை வாசற்படியில் அம்மா உட்கார்ந்திருந்தாள். கோப்பி கலக்கிக் கொடுத்தது அவள்தான்.

நான் ஓடிப்போய் வாளியைப் பிடுங்கினேன். அப்பா விடவில்லை. அம்மா உட்கார்ந்த இடத்திலிருந்தே சொன்னாள்.

"நிக்கட்டும் விடு."

பெரியவர் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, "சிட் டவுன்," என்றார். அப்பா அப்படியே தரையில் உட்கார்ந்தார். அவரைத் தூக்கி உள்ளே படுக்க வைத்து, பாதத்துக்கு ஈரத்துணி போட்டுவிட்டு வெளியே வந்தேன். பெரியவர் போயிருப்பார் என்று நினைத்தேன். அதே நாற்காலியில் இருந்தார்.

"ஏன் மாமா இப்படி?"

"நான் அடிக்கலையேமா. அவரு எங்களுக்குச் செஞ்சத அவருக்குச் செஞ்சேன். எதுத்துப் பேசினா பக்கெட்டோட வெயில்ல நிக்கணும். நான் நின்னிருக்கேன்."

"அவருக்கு ஒண்ணும் ஞாபகம் இல்ல. எதுக்கு நிக்கிறோம்னுகூடத் தெரியாது."

"எங்களுக்கும் தெரியாது."

பிறகு சொன்னார். மெஷின் மேல்மண்ணை வாரிய பிறகு, ஊசி ஊசியாக நிற்கும் பாறைகளுக்கு நடுவே இடுக்குகள் இருக்கும். அந்த இடுக்கில் மெஷின் போகாது, ஆள் இறங்கிச் சுரண்டி அள்ள வேண்டும். இவரும் இவருடைய தம்பியும் அப்பாவின் கேங்கில் இருந்தார்கள். ஒரு நாள் தம்பிக்குக் கடும் காய்ச்சல். இறங்க முடியாது என்று அப்பாவின் காலைப் பிடித்திருக்கிறான். துவான் மேலே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அப்பா அவனைக் கழுத்தைப் பிடித்து இறக்கினார். மண் சரிந்தது.

"வெளிய எடுக்கிறப்ப வாய் நிறைய அந்தத் தூளு," என்றார் பெரியவர். "அவன ஒரு தார்ப்பாயில போட்டு மூடினாங்க. மத்தியானம் உங்கப்பா என்னக் கூப்பிட்டாரு. அதே இடுக்கு. மிச்சம் இருக்கு, இறங்கி அள்ளுன்னாரு. இறங்கினேன். என்ன செய்ய, கப்பல்ல திருப்பி அனுப்பிட்டா வீட்ல பட்டினி."

 அம்மா எழுந்து கோப்பையை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

"மொத நாளு அத அவருகிட்ட சொல்லத்தான் வந்தேன்," என்றார். "நீ உள்ள போனப்ப தம்பி பேரச் சொன்னேன். சிரிக்கிறாரு. சாப்பிட்டியான்னு கேக்குறாரு. சொல்றதுக்கு அங்க ஆளே இல்லம்மா."

இனிமேல் வராதீர்கள் என்று சொன்னேன். தலையை ஆட்டிவிட்டுப் பின்கதவு வழியாகவே போனார்.

மறுநாள் மத்தியானம் அப்பா தானாகவே பின்பக்கம் போய் வெயிலில் நின்றார். அம்மா அவரைக் கூப்பிடவில்லை. பக்கத்து வீட்டு அக்கா எனக்குப் போன் செய்தார். வாளியை ஒளித்து வைத்தேன். வெறுங்கையை மடக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். கதவைப் பூட்டினேன். கதவுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, "துவான் இன்னும் உக்காரச் சொல்லல," என்றார். நான் உட்காரச் சொன்னால் கேட்க மாட்டார். அந்த மூக்குக் குரலில் சொல்லிப் பார்த்தேன். அதற்கும் அசையவில்லை. கால் வீங்கிக் கீழே விழும்வரை நிற்பார்.

பாதத்துக் கொப்புளம் புண்ணாகிப் புரையோடியது. பெரிய ஆஸ்பத்திரியில் முழங்காலுக்குக் கீழே காலை வெட்டி எடுத்தார்கள். வார்டில் கட்டிலிலிருந்து இறங்கி இல்லாத காலை ஊன்றப் பார்த்ததால், கையைக் கட்டி வைத்தார்கள். அம்மா தினமும் வந்து கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். கஞ்சி ஊட்டுவாள், வாயைத் துடைப்பாள். ஒரு வார்த்தை பேச மாட்டாள். ஒரு விடியற்காலையில் அப்பா போய்விட்டார்.

காரியமெல்லாம் முடிந்த பிறகு பெரியவருக்குப் போன் செய்தேன். ஏன் செய்தேன் என்று இன்றுவரை சரியாகச் சொல்லத் தெரியவில்லை. அப்பா போய்விட்டார் என்றேன்.

"எரிச்சீங்களா, பொதைச்சீங்களா?"

"எரிச்சாச்சு, மாமா."

"சாம்பல?"

"லுமுட்ல, கடல்ல கரைச்சோம்."

"ம்," என்றார். "குடுத்து வச்ச மனுசன். எந்தம்பி அந்த மண்ணுலயே கெடக்கான்." போனை வைத்துவிட்டார்.

அவர் சொன்னதை அம்மாவிடம் சொன்னேன். துணி மடித்துக்கொண்டிருந்தாள். கடைசித் துணியையும் மடித்து வைத்துவிட்டு, "ஒரு நாளு அவர சாப்பிடக் கூப்பிடு," என்றாள். இன்னமும் அவ்வப்போது கேட்கிறாள். நான் கூப்பிடவில்லை.