ஊர்வன, ஐந்தாம் இதழ்

ஓசூர் சிப்காட்டில் மின்னணுப் பலகைகள் செய்யும் ஒரு கம்பெனியில் தமிழ்செல்வி ஒன்பது வருடமாக ஒரே நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். பெல்ட்டில் வரும் ஒவ்வொரு பலகையையும் பூதக்கண்ணாடி விளக்குக்குக் கீழே பிடித்து, அதிலுள்ள கெப்பாசிட்டர்கள் சரியான திசையில் உட்கார்ந்திருக்கின்றனவா என்று பார்த்து அனுப்ப வேண்டும். கெப்பாசிட்டர் என்பது மின்சாரத்தைத் தேக்கிவைக்கும் சின்ன உருளை. பிளஸ், மைனஸ் என்று அதற்கு இரண்டு கால்கள். கால் மாறினால் சூடேறி வெடிக்கும். ஒரு ஷிப்டுக்கு நானூறு பலகை. அவள் கையெழுத்துப் போட்டு அனுப்பிய பெட்டி எதுவும் அதுவரை திரும்பி வந்ததில்லை.

வேடசந்தூரிலிருந்து டிப்ளமோ முடித்த கையோடு வந்தவள். இரண்டு கல்யாணப் பேச்சுகள் தட்டிப்போன பிறகு ஊருக்குப் போவதைக் குறைத்துக்கொண்டாள். ஜூஜுவாடியில் லாரிகள் ஓயாமல் போகும் சாலையை ஒட்டி ஒரு லைன் வீட்டில் ஒற்றை அறை. ஞாயிற்றுக்கிழமைகளில் அத்திப்பள்ளி தாண்டி பெங்களூர் எஸ்.பி. ரோட்டுக்குப் போய்ப் பழைய மோட்டார், சென்சார் என்று வாங்கி வருவாள். அந்த அறையின் சிமெண்டுத் தரையில் கறுப்பு டேப் ஒட்டி, அந்தக் கோட்டை விட்டு விலகாமல் தானாகவே ஊர்ந்து போகும் ஒரு வண்டியை 2005-இல் செய்து முடித்தாள். பழைய டேப்ரெக்கார்டர் மோட்டார் இரண்டு, சோப்பு டப்பா ஒன்று. கோட்டின் வளைவில் அது தயங்கி நின்று, தலையைத் திருப்பி, மறுபடி கோட்டைப் பிடித்தபோது அவள் அறையில் தனியாகக் கைதட்டினாள்.

கம்பெனியில் அதைப் பார்த்தவன் மெல்வின். பராமரிப்புப் பிரிவில் வேலை, அவளைவிட ஆறு வயது இளையவன். "அக்கா, இதுக்கு இங்கிலீஷ்லதான் புக் இருக்கு. ஐ.டி.ஐ. பசங்க ஒருத்தனுக்கும் புரியாது. நாமளே தமிழ்ல ஒண்ணு போட்டா என்ன?" என்று அவன்தான் ஆரம்பித்தான்.

இப்படித்தான் 'ஊர்வன' பிறந்தது. இரண்டு மாதத்துக்கு ஒன்று, இருபத்துநான்கு பக்கம். பெயர் வைத்தவள் அவள். சக்கரத்தால் ஊர்கிறவை, காலால் ஊர்கிறவை, புரோகிராம் எழுதி எப்படி ஊர வைப்பது என்பதெல்லாம் அதில் வரும். படங்களை அவள் கையால் வரைவாள். மெல்வின் பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து டைப் அடிப்பான். கிருஷ்ணகிரியில் ஒரு சின்ன அச்சகம் அடித்துக் கொடுத்தது. முதல் இதழுக்கு முப்பது பேர் சந்தா கட்டினார்கள். நான்காம் இதழுக்குள் இருநூறைத் தாண்டிவிட்டது.

கையெழுத்தை வைத்தே அவள் அடையாளம் காணக்கூடிய சந்தாதாரர் ஒருவர் இருந்தார். சாமல்பட்டியில், எரிந்துபோன பம்புசெட் மோட்டார்களுக்குச் செம்புக் கம்பியால் காயில் சுற்றும் கங்கப்பன். "ஆசிரியர் ஐயா அவர்களுக்கு" என்று தொடங்கி நாலு பக்கம் எழுதுவார். வண்டி இடது பக்கமே இழுக்கிறது, என்ன செய்ய? டையோடுக்குப் பதில் இதைப் போடலாமா? ஒரு கடிதத்தில், சிறுவயதில் இரும்புத்தூள் விழுந்து இடது கண் மங்கிவிட்டதால் படங்களைக் கொஞ்சம் பெரிதாகப் போடும்படி கேட்டிருந்தார். அடுத்த இதழிலிருந்து அவள் படங்களைப் பெரிதாக வரைந்தாள்.

2007 மார்ச்சில், கங்கப்பன் முகவரியிலிருந்து ஓர் அஞ்சலட்டை வந்தது. ஆனால் எழுத்து வேறு யாருடையதோ. "இனிமேல் ஊர்வன புத்தகம் அனுப்ப வேண்டாம். அதில் பார்த்துச் செய்யும்போது வெடித்துவிட்டது. அவருக்கு நல்லா இருந்த கண்ணும் போய்விட்டது. இப்படிக்கு நாகம்மா."

தமிழ்செல்வி அட்டையை இரண்டு தரம் படித்தாள். பிறகு ஐந்தாம் இதழை எடுத்து, பேட்டரி இல்லாமல் வண்டிக்கு மின்சாரம் கொடுக்கும் பெட்டி செய்வது பற்றிய கட்டுரையைப் பிரித்தாள். பதினொன்றாம் பக்கம். படம் பெரிதாக, தெளிவாக இருந்தது. கெப்பாசிட்டரின் பிளஸ் இருக்க வேண்டிய இடத்தில் மைனஸ் இருந்தது. வரைந்தது அவள்தான். அச்சுக்குப் போகுமுன் சரிபார்த்து ஓரத்தில் கையெழுத்துப் போட்டதும் அவள்தான். அன்று இரண்டு ஷிப்டு சேர்த்துப் பார்த்துவிட்டு வந்திருந்தாள். அச்சகத்துக்காரர் வேறு அவசரப்படுத்தினார். ஆனால் அதையெல்லாம் அவளால் ஒரு காரணமாக நினைக்க முடியவில்லை. அன்று காலையிலிருந்து அவள் பார்த்ததே கெப்பாசிட்டர்களின் கால்களைத்தானே.

கேன்டீனில் மெல்வினிடம் பக்கத்தைக் காட்டினாள். அவன் இதழை மூடி அவள் பக்கமே தள்ளினான்.

"அக்கா, நீங்க எதுவும் எழுதிப் போடாதீங்க. கேஸ் கீஸ்னு ஆயிரும். நமக்கு வேலை போயிரும்."

"இருநூறு பேரு வீட்டுல இந்தப் படம் இருக்கு, மெல்வின்."

"எல்லாருமா செய்யப் போறாங்க?"

"ஒருத்தர் செஞ்சிட்டாருல்ல?"

அவன் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போனான். மறுநாளிலிருந்து வேறு மேஜையில் சாப்பிட்டான்.

கங்கப்பனைத் தவிர மற்ற சந்தாதாரர்கள் எல்லாருக்கும் அவள் தானே அஞ்சலட்டை எழுதினாள். 'பதினொன்றாம் பக்கத்துப் படம் தவறு. செய்யாதீர்கள். செய்திருந்தால் சுவிட்சைப் போடாதீர்கள்.' மூன்று நாள் லீவு எடுத்து, கை வீங்க எழுதி முடித்துத் தபாலில் போட்டாள். நல்லவேளையாக வேறு யாரும் அதைச் செய்திருக்கவில்லை என்று பின்னால் வந்த பதில்களில் தெரிந்தது. நான்காம் நாள் கிருஷ்ணகிரியில் இறங்கி, சாமல்பட்டிக்குப் போக ஊத்தங்கரை பஸ் ஏறினாள்.

கங்கப்பனின் கடையும் வீடும் ஒன்றுதான். முன்பக்கம் காயில் சுற்றும் இயந்திரம், செம்புக் கம்பிச் சுருள்கள். உள்ளே கட்டிலில் அவர் உட்கார்ந்திருந்தார். வலது கண்ணில் பச்சைத் துணி மறைப்பு. இடது கண் திறந்தபடி எங்கேயோ பார்த்தது.

"ஊர்வன ஆசிரியர் வந்திருக்கேன்" என்றாள்.

"ஆசிரியரா? நீங்க பொம்பளையா?" அவர் எழ முயன்றார். "ஏ நாகம்மா, யாரு வந்துக்கறாங்க பாரு! நாற்காலி போடு!"

நாகம்மா அடுப்படியிலிருந்து வந்து வாசற்படியிலேயே நின்றாள். நாற்காலி போடவில்லை.

"சேலத்துல காட்டினோம். ஒண்ணும் பண்ண முடியாதுன்னுட்டாங்க" என்றார் கங்கப்பன். ஏதோ அவளைத் தேற்றுவது போன்ற குரல். "உங்க மேல குத்தம் சொல்லலைங்க. நான்தான் எங்கியோ தப்பு பண்ணிட்டேன். மீட்டர்ல முள்ளு அசையல, ஏன்னு கிட்டக்க குனிஞ்சு பாத்துக்கினு இருந்தேன். டப்புனுச்சு. அன்னியிலருந்து இதே ரோசனைதான். எந்தக் கால மாத்தி வெச்சேன்? படத்தப் பத்து வாட்டி பாத்துட்டுத்தானே வெச்சேன்?"

"இந்த மனுசன் ராவும் பகலும் இதையேதான் புலம்பறாரு" என்றாள் நாகம்மா. "விளையாட்டு சாமான் செஞ்சு கண்ணத் தொலைச்சியே, புத்தி இல்லியான்னு நானும் திட்டாத நாளில்ல."

வரும் வழியெல்லாம் மனசுக்குள் சொல்லிப் பார்த்த வாக்கியங்களைத் தமிழ்செல்வி விட்டுவிட்டாள்.

"நீங்க தப்பு பண்ணலைங்க. படம்தான் தப்பு. நான் தப்பா வரைஞ்சிட்டேன்."

வெளியே ரயில் ஒன்று கடந்து போனது. கங்கப்பன் இரண்டு கைகளையும் முழங்கால் மேல் வைத்துக்கொண்டு அசையாமல் இருந்தார்.

"அப்போ நான் சரியாத்தான் வெச்சேனா?" என்றார் கடைசியில்.

"படத்துல இருந்த மாதிரியே வெச்சிருக்கீங்க."

"சரியாத்தான் வெச்சிருக்கேன்" என்று அவர் மனைவி இருந்த பக்கம் முகத்தைத் திருப்பிச் சொன்னார். அந்த முகத்தில் ஒரு கணம் நிம்மதி மாதிரி ஏதோ வந்தது. அடுத்த கணம் உதடு கோணி, தோள் குலுங்க ஆரம்பித்தது. மறைப்பு போட்ட கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு அவர் அழுதார்.

நாகம்மா கத்தவில்லை. "எழுந்து போம்மா" என்றாள். தமிழ்செல்வி வந்ததிலிருந்தே நின்றுகொண்டுதான் இருந்தாள். நாகம்மா அதையே மறுபடி சொன்னாள்.

அடுத்த மாதமும் அவள் போனாள். இந்த முறை நாகம்மா அவளைத் துரத்தவில்லை. ஒரு மோட்டாரைக் காட்டி, "சும்மா நிக்காத. இதுல என்ன கம்பி, எத்தினி சுத்துன்னு பாத்துச் சொல்லு. அவரு சுத்துவாரு" என்றாள். தமிழ்செல்வி எரிந்த காயிலைப் பிரித்து எண்ணிச் சொல்ல, கங்கப்பன் விரலால் தடவித் தடவிக் காயில் சுற்றினார். ஒரு பகல் முழுக்க ஒரு மோட்டார்தான் முடிந்தது. இதழைப் பற்றி அவர் பேசவில்லை, அவளும் பேசவில்லை. கிளம்பும்போது நாகம்மா குடிக்கத் தண்ணீர் கொடுத்தாள்.

அப்படி ஐந்து மாதம் போனது. ஆனால் பார்வையில்லாதவர் கையில் மோட்டாரைக் கொடுக்க விவசாயிகளுக்குத் தயக்கம். ஒவ்வொருவராக மத்தூருக்குக் கொண்டுபோக ஆரம்பித்தார்கள். செப்டம்பரில் அவள் போனபோது கடை பூட்டியிருந்தது. காயில் இயந்திரத்தை விற்றுவிட்டு அவர்கள் ஆந்திராவில் குப்பம் ஊர்ப் பக்கம் நாகம்மாவின் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டதாக எதிர்க்கடையில் சொன்னார்கள். முகவரி யாருக்கும் தெரியவில்லை. எனக்கென்று ஏதாவது சொல்லிவிட்டுப் போனார்களா என்று கேட்டாள். "அப்படி ஒண்ணும் சொல்லலியேம்மா" என்றார் கடைக்காரர்.

'ஊர்வன' ஆறாம் இதழ் வரவில்லை. மீதிச் சந்தாவை அவள் மணியார்டரில் திருப்பி அனுப்பினாள். எதற்காக நிறுத்துகிறீர்கள் என்று கேட்டுச் சில கடிதங்கள் வந்தன. ஒன்றுக்கும் பதில் எழுதவில்லை. கம்பெனியில் தன்னைச் சோதனைப் பிரிவிலிருந்து மாற்றும்படி எழுதிக் கொடுத்தாள். ஒன்பது வருடத்தில் ஒரு புகார்கூட இல்லாத ஆள் ஏன் பேக்கிங்குக்குப் போகக் கேட்கிறாள் என்று சூப்பர்வைசருக்குப் புரியவில்லை.

"கண்ணு சரியில்லைங்க சார்" என்றாள். டாக்டர் சர்டிபிகேட் கொண்டு வரச் சொன்னார்கள். டாக்டர் பரிசோதித்துவிட்டு, பார்வையில் ஒரு குறையும் இல்லை என்று எழுதிக் கொடுத்தார். திங்கட்கிழமை அவள் மறுபடி அதே நாற்காலியில் போய் உட்கார்ந்து, விளக்கைப் போட்டு, முதல் பலகையைக் கையில் எடுத்தாள்.