தூங்கின கோழியை அறுக்காத வாரம்

உயிர்க்கோழி விற்கிறவளுக்குக் கூண்டில் சத்தம் இருந்தால் தலைவலி, சத்தம் இல்லாவிட்டால் பயம். ஆம்பூர் மார்க்கெட்டில் என்னைப் போல் கோழி, வாத்து, காடை என்று எதையாவது கூண்டில் வைத்துக் காலம் தள்ளுகிறவர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். வியாதிகளின் பெயர் வாயில் நுழையாது. ஆனால் கவலைப்பட எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

ஊதிப் பார்க்கிறவர்கள்

நாட்டுக்கோழி வாங்க வருகிறவர்கள் லேசில் வாங்கிவிடுவார்களா? காலைப் பிடித்துத் தூக்குவார்கள். மார்பை அமுக்குவார்கள். பிறகு பின்பக்கத்து இறகை வாயால் ஊதி விலக்கி, தோல் மஞ்சளாக, கொழுப்பு ஏறி இருக்கிறதா என்று பார்ப்பார்கள். எல்லைக்கு அந்தப்பக்கம் ஆந்திராவில் பறவைக் காய்ச்சல் என்று டிவியில் சொன்ன மறுநாள், ஷூ கம்பெனியில் வேலை செய்யும் ரேவதி வழக்கம்போல் ஒரு கோழியைத் தூக்கி ஊதப் போனாள். "மூஞ்சிகிட்ட கொண்டுபோகாதம்மா, தொட்ட கைய சோப்பு போட்டுக் கழுவு" என்று பக்கெட்டைக் காட்டினேன்.

கையைக் கழுவிக்கொண்டே ரேவதி கேட்டாள்: "இன்னாக்கா, கோழிய வாங்கிட்டுப் போறதா, தூரத்துல நின்னு கும்புட்டுப் போறதா?"

நியூஸ் பார்க்காத கோழி

அந்த வாரம் வியாபாரம் பாதியாகக் குறைந்தது. வந்தவர்களும் கோழியைப் பார்ப்பதைவிட என் முகத்தைத்தான் ஜாஸ்தி பார்த்தார்கள், எனக்குக் காய்ச்சல் இருக்கிறதா என்று. தோல் பதனிடும் ஷாப்பில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர் மட்டும் அசரவில்லை. "பயமா இல்லையாண்ணா?" என்று நானே வாயைக் கொடுத்தேன்.

"டிவில காட்டினது பூரா வெள்ளக் கோழிம்மா. நாட்டுக்கோழி நியூஸே பாக்காது, அதுக்கு எப்டி வரும்?"

கத்தி முந்த வேண்டும்

நம் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. வெளியே சொல்லமாட்டோம், ஆனால் எல்லாருக்கும் தெரியும். கோழி தலையைத் தொங்கப்போட்டுத் தூங்க ஆரம்பித்தால், சாவு வருவதற்குள் கத்தி முந்திக்கொள்ள வேண்டும். அறுத்து உரித்துவிட்டால் எது தூங்கினது, எது கொக்கரித்தது என்று யாருக்குத் தெரியும்?

நாட்றம்பள்ளி பக்கத்துச் சந்தையில் வாங்கிவந்த கோழிகளில் சில காலையில் செத்துக் கிடந்தன. மிச்சம் கொண்டை நீலம் பாரித்துத் தூங்கி விழுந்தன. என் வீட்டுக்காரர் கத்தியை எடுத்துவிட்டார். கோழி அறுப்பது அவர்தான். அவருக்கோ முந்தின நாளிலிருந்து காய்ச்சலும் இருமலும். கோழியைப் பார்த்தேன், அவரைப் பார்த்தேன். இரண்டும் ஒரே மாதிரித்தான் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டிருந்தன. கத்தியைப் பிடுங்கி வைத்துவிட்டுக் கால்நடை ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டேன்.

பக்கத்துக் கடை சலீம் பாய் ஓடி வந்தார். ஒரு கல்யாண ஆர்டருக்காகக் கூண்டு நிறையக் கோழி இறக்கி வைத்திருந்தார். பறவைக் காய்ச்சல்தான் என்று முடிவானால் எங்கள் வரிசையில் உள்ள கோழி மொத்தத்தையும் கொன்று புதைத்துவிடுவார்கள்.

"உன் கோழிக்குத் தூக்கம் வந்தா, என் பொழப்பையுமா தூங்க வைப்ப, தங்கச்சி?"

ஒரே மரியாதை

கால்நடை டாக்டரம்மா தலையிலிருந்து கால்வரை மூடிய உடுப்பில் ஜீப்பிலிருந்து இறங்கினார். ஒவ்வொரு கோழியாகப் பிடித்து, தொண்டையிலும் பின்பக்கத்திலும் பஞ்சுக் குச்சி விட்டு எடுத்தார். முடிவு வரும்வரை எங்கள் வரிசையிலிருந்து ஒரு கோழி வெளியே போகக்கூடாது, உள்ளேயும் வரக்கூடாது என்றார். என் வீட்டுக்காரர் இருமுவதைக் கேட்டுவிட்டு, "இவரை உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க, கோழி அறுக்கறவர்னு மறக்காமச் சொல்லுங்க" என்றார்.

போனோம். சொன்னதுமே தனியாக உட்கார வைத்தார்கள். வாசலில் நின்று வேண்டாத தெய்வம் இல்லை. வேளாங்கண்ணி மாதாவுக்குக்கூட வேண்டிக்கொண்டேன். வெளியே வந்த வீட்டுக்காரர் மூக்கைத் தேய்த்தபடி சொன்னார்: "கோழிக்கு ரெண்டு பக்கம் குச்சி வுட்டாங்க, எனக்கு மூக்கோட வுட்டுட்டாங்க. அந்த மட்டும் மரியாததான்."

பூட்டின வரிசை

அதன்பின் வந்த நாட்களை விவரிக்க மாட்டேன். கடை மூடிக் காத்திருந்தவர்களுக்குத் தெரியும். தீனி போடப் போகும்போது சலீம் பாய் முகத்தைத் திருப்பிக்கொள்வார். அவர் கோழிகள் நன்றாகத்தான் தீனி தின்றன. இவை எல்லாம் என் ஒரு போனால் மண்ணுக்குள் போகுமோ? போன் போடாமல் இருந்து, ரேவதி வீட்டுக் குழந்தைக்கு ஒன்று ஆகியிருந்தால்? இரண்டு கேள்வியும் மாறி மாறி என்னைச் சாப்பிடவிடவில்லை.

ரேவதிதான் ஒருநாள் கம்பெனி மாஸ்க்கும் கையுறையும் கொண்டுவந்து கொடுத்தாள். "ஷூ ஒட்டற பேஸ்ட் வாடைக்குப் போடறதுதான்க்கா. இத போட்டுட்டுத் தீனி போடு, நீ இருந்தாதான கொசுறு ஈரல் கேக்க முடியும்?"

போன் வந்தது

டாக்டரம்மாவே கூப்பிட்டார். பறவைக் காய்ச்சல் இல்லை. கோழிகளுக்கு வழக்கமாக வருகிற வெள்ளைக் கழிச்சல்தான். நோய்க் கோழிகளை அவர்கள் சொன்னபடி அப்புறப்படுத்த வேண்டும், கூண்டெல்லாம் மருந்து அடிக்க வேண்டும், இனி சந்தைக் கோழியை வந்த உடனே மற்றதோடு சேர்க்காமல் தனியாக வைக்க வேண்டும். வீட்டுக்காரருக்குச் சாதாரணச் சளிக்காய்ச்சல் என்று அதற்கு முன்பே ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். நான் போனைப் பிடித்துக்கொண்டு அப்படியே தீவன மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டேன். அழுகை வந்தது, கூடவே பசியும் வந்தது.

சலீம் பாய்க்குச் சொன்னேன். முதலில் வானத்தைப் பார்த்து இரண்டு கையையும் ஏந்தினார். நல்லவேளை, கல்யாணத்துக்கு இன்னும் நாள் இருந்தது. டீ வாங்கிவரச் சொல்லி என் வீட்டுக்காரருக்கு முதல் கிளாஸைக் கொடுத்துவிட்டு, என் பக்கம் திரும்பினார்.

"அடுத்த தபா பயந்தா என்கிட்ட மொதல்ல சொல்லு தங்கச்சி, ரெண்டு பேரும் சேர்ந்தே போன் போடலாம். இந்த பேஜார் தனியாப் பட முடியாது."

மொத்தத்தில் நான் கண்டது இதுதான்: கோழி தலையைத் தொங்கப்போட்டால் ஜீப் வைத்துக்கொண்டு ஓடி வருகிறார்கள், கோழிக்காரி தும்மினால் மட்டும் "தள்ளி நில்லுக்கா" என்கிறார்கள்.